மேஜர் வீட்டு ஏழாம் ஆணை

பீளமேடு,
12 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் நிலையாணை எண் ஏழின்படி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நான் ஏழாம் வகுப்பு, நீங்கள் பதினொன்று. டேப் ரிக்கார்டரை உடைத்தது யார் என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். லீவில் வந்திருந்த அப்பா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். "இவ்வீட்டில் இருவர் பேசிக்கொள்ளாத நிலை ஏற்பட்டால் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு குறை மட்டும். பத்து நாளைக்குள் பதில். கோபத்தைச் சாப்பாட்டில் காட்டக் கூடாது." கீழே கையெழுத்து, தேதி, நேரம். அப்புறம் நாலு நாள் பிஸ்கட் டப்பாவில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் கை வலித்துச் சமாதானமானோம்.

இப்போது நாம் பேசி ஒன்பது மாதம் ஆகிறது. ஃபிரிட்ஜ் மூன்று முறை மாறிவிட்டது. ஆணை ரத்தாகவில்லை என்கிறார் அம்மா.

நேற்று சாயந்திரம் ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குப் போயிருந்தேன். நம் ஊர் வேலாங்காட்டுக்குத் திரும்பும் பிரிவில் அப்பா பேரில் நீங்கள் கட்டும் பஸ் நிழற்குடை கூரை வரைக்கும் வந்துவிட்டதாம். ஜூன் எட்டு, முதலாண்டு நினைவு நாளில் திறப்பாம். கல்வெட்டில் என்ன எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ரெண்டு பேரும் சேந்து ஒரே காயிதத்துல கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. அப்பத்தான் நான் வாரேன். இல்லாட்டி நெழக்கொடையத் தொறந்து நீங்களே உக்காந்துக்கங்க. எனக்கு பஸ்ஸுக்குப் போற வேலை ஒண்ணுமில்ல."

அம்மா வராமல் அப்பா பேரில் ஒரு திறப்பு விழாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உங்களாலும் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் குறை: கருமாதி அன்று மண்டப வாசலில் நீங்கள் வைத்த பதினைந்தடி ஃபிளெக்ஸ். அதில் அப்பாவுக்குப் பின்னால் ஒரு பீரங்கி வண்டி. தலைக்கு மேல் போர் விமானம். கீழே "போர்க்களச் சிங்கம் கர்னல் திருமலைசாமி". அப்பா கர்னல் இல்லை, மேஜர். விமானப் படையிலும் இல்லை. ராணுவ சப்ளைப் பிரிவில் இருந்தார். இருபத்தெட்டு வருடம் மலைமேல் இருந்தவர்களுக்குக் கோதுமை மாவும் பருப்பும் உருளைக்கிழங்கும் மண்ணெண்ணெயும் அனுப்பினார். அவர் வாங்கிய ஒரே சான்றிதழ் "சிறந்த கிடங்குப் பராமரிப்பு". அது பூஜை அறையில் மாதக் காலண்டருக்குப் பின்னால் தொங்குகிறது. வேண்டுமானால் தூக்கிப் பாருங்கள்.

பதில் பத்து நாளைக்குள்.

இப்படிக்கு,
நந்திதா


மேட்டுப்பாளையம்,
20 மார்ச் 2025

அம்மணி,

கடிதம் வந்தது. மண்டியில் எல்லாரும் கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

நீ 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். எனக்கு அதெல்லாம் வராது. வேண்டுமானால் அதையும் ஒரு குறையாக எழுதிக்கொள்.

என் குறை என்னவென்றால், ஃபிளெக்ஸில் தப்பிருந்தால் என்னை அக்கட்டால தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். முன்னூறு ஒறம்பரை சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில், ஒரு காலேஜ் புரொபசர், பிளாஸ்டிக் சேர் மேல் ஏறி, கறுப்பு மார்க்கரால் 'கர்னல்' என்பதை அடித்து 'மேஜர்' என்று எழுதினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அதோடு நிற்கவில்லை. பீரங்கி மேல் தினசரிப் பேப்பரை ஒட்டினாய். விமானத்துக்கு எட்டவில்லை என்று எம்பினாய். சேர் கால் மடங்கி என் மாமனார் மடியில் விழுந்தாய். திருமூர்த்தி மாமா இன்றைக்கும் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் விசேஷங்களுக்கு டேபிள் பந்திதான். "ஏனுங் மாப்ள, உங்க தங்கச்சி இன்னிக்கு வருதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்.

எனக்குத் தப்புக் கண்டுபிடிக்க ஆள் பஞ்சமே இல்லை. நீ ஒருத்தி. இன்னொருத்தன் மொட்டைக் கார்டு போடுகிறவன். உன்னிடம் சொன்னதில்லை. பன்னிரண்டு வருடமாக மண்டிக்கு மாசம் ஒரு தபால் கார்டு வரும். "1030 மணி அளவில் தங்கள் லாரியில் ஏழாம் அடுக்கு மூட்டை சாய்ந்திருந்தது." "ஈரச் சாக்கு உபயோகிக்க வேண்டாம்." போலீஸ்காரனாட்ட நேரம் எல்லாம் போட்டிருக்கும். கோணல் எழுத்து. கீழே "தங்கள் நலம் விரும்பி". எதிர்க்கடைக்காரன் வேலை என்று அவனோடு ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். நல்லவேளை, இப்போது நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு நீ வந்திருக்கிறாய்.

கல்வெட்டுக்கு என்ன வேண்டும், நீயே எழுதி அனுப்பு. பார்க்கிறேன்.

மனோஜ்குமார்


பீளமேடு,
27 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருமூர்த்தி மாமா விஷயத்தில் என் மேல்தான் தப்பு. அவருக்குத் தனியாக ஒரு கடிதமும் ஒரு தைலப் புட்டியும் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தைப் படிக்காவிட்டாலும் தைலத்தைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மார்க்கரைப் பற்றி நீங்கள் எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். பதில் சொல்லக் கொஞ்சம் நாள் வேண்டும். பத்து நாளைக்குள் சொல்ல முடியாத பதில்களும் இருக்கின்றன. அப்பா ஆணை எழுதும்போது அதை யோசிக்கவில்லை.

கல்வெட்டு வாசகம் கீழே:

"மேஜர் (ஓய்வு) ஆ. திருமலைசாமி, பி.எஸ்சி. பிறப்பு: 1946, வேலாங்காடு. 1968இல் ராணுவ சப்ளைப் பிரிவில் சேர்ந்து, பல்வேறு மலை முகாம்களுக்கு உணவு, எரிபொருள், கால்நடை ஆகியவற்றை அனுப்பும் பொறுப்பில் பணியாற்றி, 1996இல் ஓய்வு பெற்றார். சரியான நேரத்துக்கு எழுந்தார். சரியான அளவு சாப்பிட்டார். மனைவி சென்னியம்மாள், மகன், மகள் ஆகியோரிடம் அன்பாக இருந்தார், அதை வெளியில் சொல்லவில்லை. மறைவு: 8.6.2024, காலை 5.10 மணி."

ஒரு பொய்கூட இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

அம்மா நன்றாக இருக்கிறார் என்று எழுதத்தான் ஆசை. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், சிரிப்பதில்லை. முந்தாநாள் தள்ளுவண்டியில் காய் வாங்கினோம். அந்தம்மா வழக்கம்போலக் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை இனாமாகப் பையில் போட்டாள். அம்மா அதை எடுத்துத் திருப்பி வண்டியில் வைத்தார். அப்பா ஐம்பது வருஷம் செய்ததை அப்படியே செய்கிறார். கேட்டதற்கு மேல் ஒரு இலை வந்தாலும் அப்பா திருப்பிக் கொடுப்பாரே, நாம் கூசிப்போய்த் தெருமுனைக்கு ஓடுவோமே. "எச்சா வந்தா வெளக்கம் சொல்லோணும்" என்பாரே. அந்தக் கட்டாயம் இப்போது யாருக்கு இருக்கிறது? ஆனால் அம்மா வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்விட்டார்.

நந்திதா


மேட்டுப்பாளையம்,
4 ஏப்ரல் 2025

அம்மணி,

உன் வாசகத்தைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் அன்னூர் பஸ் ரெண்டு போய்விடும். கல் வெட்டுகிறவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கல்லு பத்தாதுங்க, செவுரே வேணும்" என்றார். "சரியான அளவு சாப்பிட்டார்" என்று உலகத்தில் எந்தக் கல்வெட்டிலாவது பார்த்திருக்கிறாயா?

என்னுடையது: "பனிமலையின் பாதுகாவலர், எதிரிகளின் சிம்ம சொப்பனம், கொங்கு மண்ணின் வீரத்திருமகன் மேஜர் திருமலைசாமி." பார், மேஜர் என்று போட்டுவிட்டேன். நானும் இறங்கி வந்திருக்கிறேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன். இது வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயசில் ராணுவ ஆபீசர் செலக்‌ஷனுக்கு பெங்களூர் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அஞ்சு நாள் டெஸ்ட். முதல் நாளே அனுப்பிவிட்டார்கள். மீதி நாலு நாள் ஒரு லாட்ஜில் உட்கார்ந்திருந்து, அஞ்சு நாள் ஆன மாதிரி ரயில் ஏறினேன். அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். என் மூஞ்சியைப் பார்த்தார். "சரி. பசிக்குதா?" என்றார். இட்லி வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். அப்புறம் செத்துப்போகும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறு வருஷம் மண்டியில் சேர்ந்தேன். உருளைக்கிழங்கு வியாபாரம் என்று சொன்னேன். "உருளைக்கிழங்கா? கவனமா இரு" என்றார். அந்தத் தொனியை நான் மறக்கவில்லை. மகன் கிழங்கு விற்கிறான் என்று அவருக்குக் கேவலம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் மண்டிக்குள் காலை வைத்ததில்லை. நானும் கூப்பிடவில்லை.

அவர் பெரிய ஆளாக இருந்தால்தான் எனக்கு அது தாங்கும். அவ்வளவு பெரிய வீரருக்கு மண்டி எல்லாம் கண்ணில் படாது என்று சொல்லிக்கொள்ளலாம். நீ சொல்கிற மாதிரி அவரும் கிழங்கு மூட்டைதான் தூக்கி அனுப்பினார் என்றால், பிறகு என்னை எதற்கு அப்படிப் பார்த்தார்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

இதற்கு மேல் எழுதினால் கல்லாவில் இருக்கிறவன் பார்ப்பான்.

மனோஜ்


பீளமேடு,
15 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்து நாள் கெடு ஒரு நாள் தாண்டிவிட்டது. மன்னிக்கவும். காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்துக்குப் பதில் என்னிடம் இல்லை. இருக்கக்கூடிய ஒரே ஆளைத் தேடிப் போனேன்.

கோட்டைமேட்டு யூனுஸ் பாயைத் தெரியுமல்லவா? அப்பாவின் பிரிவில் லாரி ஓட்டியவர். கருமாதிக்கு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, நான் விழுந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியவர். அவர் வீட்டு மாடியில் சனிக்கிழமை மூன்று மணி நேரம் இருந்தேன். அவர் மனைவி மெஹராஜ் அக்கா நாலு தடவை டீ கொடுத்தார்கள்.

"அப்பா ஏதாவது போர்ல இருந்திருக்காரா பாய்?" என்று கேட்டேன்.

"போரா? மேஜர் சாப் ஒரு ஆட்டோட ஒன்றரை வருசம் போராடினாருங்க பாப்பா" என்றார்.

அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவு கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். 1978, அக்டோபர் கடைசி. அப்பா அப்போது கேப்டன். மலைமேல் முகாமில் இருநூறு பேர். பனி விழுந்து வழி அடைபடும் முன்னால் குளிர்காலச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உருளைக்கிழங்கு, மாவு, மண்ணெண்ணெய், பிறகு உயிரோடு நாற்பது ஆடு. பாதி வழியில் மண் சரிந்து லாரி போகவில்லை. மூட்டையைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிவிட்டு ஆடுகளை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அப்பா முன்னால், யூனுஸ் பாய் பின்னால், ரெண்டு நாள். ரெண்டாம் நாள் வழியில் ஒரு ஆடு குட்டி போட்டுவிட்டது. அப்பா குட்டியைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறினார்.

மேலே போய் எண்ணினால் நாற்பத்தொன்று.

"கொறஞ்சா ஃபாரம் இருக்குதுங்க பாப்பா. செத்துப்போச்சு, உருண்டுபோச்சுன்னு எழுதிரலாம். எச்சா வந்தா எழுதறதுக்கு ஃபாரமே கிடையாது. இந்த எச்சு ஆடு எங்கிருந்து வந்துது, எந்தக் கிராமத்துல புடிச்சுட்டு வந்தீங்கன்னு விசாரணை. சாப் எழுதினாரு, 'மேற்படி ஆடு வழியில் பிறந்தது'ன்னு. மேலிடத்துல இருந்து திருப்பிக் கேட்டாங்க, 'யார் அனுமதியில்?'ன்னு."

நான் சிரித்ததில் டீ சிந்திவிட்டது.

விளக்கம் மூன்று பிரதி கொடுக்க வேண்டுமாம். மூன்றாம் பிரதியை அந்தக் குட்டியே தின்றுவிட்டது. அதற்கும் அப்பா ஒரு விளக்கம் எழுதினாராம், மூன்று பிரதி. கடைசியில் விசாரணை முடிந்தபோது மேஜர் பதவி ஒன்றரை வருடம் தள்ளிப்போயிருந்தது. குட்டியை யாரும் தொட அப்பா விடவில்லை. ரேஷன் பட்டியலில் இல்லாததைச் சமைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அது வளர்ந்து காலை அணிவகுப்பில் கடைசி ஆளாக வந்து நிற்குமாம். 'சர்ப்ளஸ்' என்று பேர் வைத்திருந்தார்களாம்.

இதைக் கேட்கும்போது எனக்கு நம் ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. நாம் எல்லோரும் கறிக்குழம்பு, அப்பா மட்டும் தயிர்சாதம். பழனி முருகனுக்கு நேர்த்திக்கடன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாரே. பாயிடம் கேட்டேன். "அந்த நாப்பதுக்கும் அவருக்குப் பேரு தெரியுமுங்க" என்றார்.

அவர்கள் மேலே போய்ச் சேர்ந்த மறுநாள் காலை பனி விழுந்து வழி அடைத்துக்கொண்டது. மார்ச் வரைக்கும் இருநூறு பேரும் அப்பா கொண்டுபோனதைத்தான் சாப்பிட்டார்கள். அடுக்கியது சரியில்லாமல் நாற்பது மூட்டைக் கிழங்கு அடியில் அழுகிப்போயிருக்கிறது. அப்பா ஒவ்வொரு கிழங்காகப் பிரித்தெடுத்தாராம். "அன்னிக்கு ஒரு மூட்டை தப்பா அடுக்கினா மார்ச்சு மாசத்துல ஒருத்தன் பட்டினிங்க பாப்பா. சாபுக்கு ஒலகத்துலயே பயமான ஒரே சாமான் உருளைக்கிழங்குதான்."

அண்ணா, "கவனமா இரு" என்று அவர் உங்களிடம் சொன்னது எந்தத் தொனியில் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. ஆனால் யார் சொன்னது என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்று. கிளம்பும்போது பாய் தற்செயலாகச் சொன்னார். மாசாமாசம் ரெண்டாம் சனிக்கிழமை அப்பா முன்னாள் ராணுவத்தினர் கூட்டம் என்று போவாரே, அப்படி ஒரு கூட்டமே இல்லையாம். இரண்டு பேரும் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வந்து, உங்கள் மண்டிக்கு எதிர் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்களாம். "பையன் ஒரு நாளைக்கு அனுப்பறது எனக்கு ஒரு மாசம் ஆகும் யூனுஸ்" என்பாராம். உள்ளே போகலாம் என்று பாய் கூப்பிட்டால், "அவன் கூப்பிடல" என்பாராம்.

டீக்கடையில் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். "ஏதோ எழுதிக்கிட்டு இருப்பாருங்க. எடது கையில" என்றார். அது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

நந்திதா


மேட்டுப்பாளையம்,
18 ஏப்ரல் 2025

நந்து,

உனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கடிதத்தை வைத்துவிட்டு மேஜை இழுப்பறையைக் குடைந்தேன். மொட்டைக் கார்டுகள் எல்லாம் ஒரு ரப்பர் பேண்டு போட்டு அங்கேதான் கிடந்தன. ஏன் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன் என்று கேட்காதே. திட்டுகிறவனாக இருந்தாலும் மாசாமாசம் நம்மை நினைக்கிறவனாயிற்றே.

நூற்று முப்பத்தொன்பது கார்டு. எல்லாவற்றிலும் 1030 மணி, 1045 மணி. எந்தக் கடைக்காரன் மணியை அப்படி எழுதுவான்? நான் ஒரு மடையன்.

ஆறாவது வருஷம் வந்த ஒரு கார்டில், மூட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கினால் காற்றோட்டம் வரும் என்று படம் போட்டிருந்தது. கோபத்தில் செய்து பார்த்தேன். அந்த வருஷத்திலிருந்து அழுகல் பாதியாகக் குறைந்தது. என் சொந்த யோசனை என்று சங்கக் கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கினேன். அடுத்த மாசக் கார்டில் ஒரே வரிதான்: "திருப்தி."

கடைசிக் கார்டை எழுதுகிறேன் கேள்.

"11 மே 2024, 1040 மணி. எட்டாம் அடுக்கு இன்னும் சாய்கிறது. ஆட்கள் நன்றாக வேலை செய்கிறார்கள். முதலாளி வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கிறார். தவறு. தங்கள் நலம் விரும்பி."

வந்த அன்றைக்கு, "எவன்டா அவன், என் தலையப் பத்தி அவனுக்கென்ன" என்று மண்டியே கேட்கக் கத்தினேன். எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

என் வாசகத்தை அடித்துவிடு. உன்னுடையதையும் அடி. புதிதாக ஒன்று எழுது, சின்னதாக. எதுவாக இருந்தாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மனோஜ்


பீளமேடு,
28 ஏப்ரல் 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அதற்கு முன்னால் ஆட்டுக் கதையைச் சொன்னேன். "யார் அனுமதியில்?" என்ற இடத்தில் அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவர எழுந்தேன். சிரிப்பு. மூக்கில் ஏறி, கண்ணில் வந்து, நிறுத்த முடியாத சிரிப்பு.

அப்புறம் கோபம். "நாப்பத்தாறு வருசமா முருகனுக்கு நேந்துக்கிட்டாருன்னு ஊரெல்லாஞ் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே கண்ணு. பழனிக்குப் போறப்பல்லாம் அவருக்கும் சேத்து மொட்டையடிக்கக் காசு கேட்டானுங்களே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? நானும் அந்த ஆட்டப் பாத்திருப்பனே."

முந்தாநாள் காய் வண்டி வந்தது. அந்தம்மா கறிவேப்பிலையைப் போட்டாள். அம்மாவின் கை பைக்குள் போனது. எடுத்தார். முகர்ந்தார். மறுபடி பைக்குள்ளேயே வைத்தார். "இன்னொரு கொத்து போடு அம்மணி" என்றார். வண்டிக்காரி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

இப்போது உங்கள் பழைய கேள்விக்கு வருகிறேன். மார்க்கர்.

அப்பா இறந்த பின் பதினாறு நாளும் நான் அழவில்லை. எது சரி எது தப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தால் அழ வேண்டியதில்லை. மாலையில் எத்தனை பூ, பத்திரிகையில் எத்தனை பிழை என்று திருத்திக்கொண்டே இருந்தேன். உங்கள் ஃபிளெக்ஸ் எனக்குக் கிடைத்த பெரிய வசதி. அப்பாவை நான்தான் சரியாக அறிந்தவள் என்று முன்னூறு பேருக்கு எழுதிக் காட்டலாம். பிறகு பார்த்தால் எனக்கு ஆடு தெரியாது, கார்டு தெரியாது, ரெண்டாம் சனிக்கிழமை தெரியாது. சேர் மேல் ஏறியது தப்பு. நீங்கள் என்னை இறங்கச் சொன்னபோது இறங்காததும் தப்பு. இரண்டு தப்பு. ஒரு கடிதத்துக்கு ஒன்றுதான் என்ற விதி குறைகளுக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

வாசகம்:

"மேஜர் திருமலைசாமி (1946–2024). மலைமேல் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்."

நான் கையெழுத்திட்ட தாளை இணைத்திருக்கிறேன். உங்கள் இடம் காலியாக இருக்கிறது.

நந்து


மேட்டுப்பாளையம்,
23 மே 2025

நந்து,

கெடு தாண்டிவிட்டது, தெரியும். கையெழுத்துப் போட்ட தாளை அம்மாவிடம் நேரிலேயே கொடுத்துவிட்டேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, ரெண்டு கையெழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்து, "மை காஞ்சிருக்குது" என்றார். பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னார். திறப்புக்குப் பட்டுச் சேலையா, நூல் சேலையா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

கல்வெட்டு வெட்டியாயிற்று. கல் வெட்டுகிறவர் படித்துவிட்டு, "அப்ப உங்க தொழிலுதானுங்களா அப்பாவும்?" என்று கேட்டார். நான் மண்டிச் சட்டையில் நின்றிருந்தேன். ஆமாங்க என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை.

திருமூர்த்தி மாமாவுக்கு மட்டும் வருத்தம். "பீரங்கி ஒண்ணு சின்னதாவாச்சும் போட்டிருக்கலாம் மாப்ள" என்கிறார். உன் தைலம் தீர்ந்துவிட்டது, இன்னொரு புட்டி கேட்கிறார்.

ஒரே ஒரு சிக்கல். நிழற்குடைக்குள் ஆறு சிமென்ட் இருக்கை என்று சொல்லியிருந்தேன். மேஸ்திரி, சாமான் மீந்துபோச்சு என்று ஏழு கட்டிவிட்டான். பிளானில் ஆறுதான். "இடிச்சுப்போடட்டுங்களா?" என்று கேட்டு நிற்கிறான். அப்பா இருந்தால் சும்மா விடமாட்டார். நீதான் சொல்ல வேண்டும்.

இதை ஃபோனிலேயே கேட்டிருக்கலாம். நேற்று ரெண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். கடிதம் பழகிவிட்டது போல.

மனோஜ்


[தபால் கார்டு. கோணல் எழுத்து.]

14 ஜூன் 2025, ரெண்டாம் சனிக்கிழமை, 1035 மணி

ஐயா,

தங்கள் மண்டிக்கு எதிர் டீக்கடையிலிருந்து பார்வையிட்டதில்:

எட்டாம் அடுக்கு இன்று சாயவில்லை. முதலாளி தொப்பி அணிந்திருந்தார். திருப்தி.

நாங்கள் மூன்று பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். அதில் ஒருவர் நூல் சேலை. இன்னொருவர் கோட்டைமேடு. கூப்பிட்டால் உள்ளே வருவோம்.

வரும் வழியில் வேலாங்காட்டுப் பிரிவில் இறங்கிப் பார்த்தோம். ஆறு இருக்கையிலும் பஸ்ஸுக்கு ஆட்கள். ஏழாவதில் ஒரு ஆடு ஏறிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. யாரும் விரட்டவில்லை.

விளக்கம் எழுத வேண்டியதில்லை.

தங்கள் நலம் விரும்பி